“எத்தனை முழம் ஆச்சு?”

ஆரணிப் பட்டு நெசவாளர் தெருக்களில் காலையில் தறிச் சத்தத்துக்கு முன்னால் ஒரு குரல் கேட்கும். “என்னப்பா, எத்தனை முழம் ஆச்சு?” முதலாளி வீட்டுக் கணக்கப்பிள்ளையின் குரல் அது. முன்பு வாசலில் வந்து நின்றார். இன்று கைபேசியில் கூப்பிடுகிறார். கேள்வி மட்டும் மாறவில்லை.

முதலாளிகள் சொல்லும் காரணம் என்ன? “நெசவாளிக்குப் பொறுப்பில்லை. விரட்டினால்தான் சேலை வரும்.”

அப்படியா சேதி? சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் நெசவாளிக்குக் கூலி. தாமதமானால் முதலில் காய்வது யார் வயிறு? முதலாளியின் வயிறா? தன் அடுப்பு எரியக் கூடாதென்று எந்த நெசவாளியாவது சும்மா உட்கார்ந்திருப்பானா?

தாமதத்தின் காரணங்கள் ஊரறிந்தவை. பாவு வந்தால் ஊடைப் பட்டு வராது. ஊடை வந்தால் சரிகை வராது. ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். தெருவில் பாவு விரிக்க முடியாது. தார் சுற்றும் மனைவி காய்ச்சலில் படுத்தால் தறியும் படுத்துவிடும். அவளுடைய உழைப்புக்குக் கூலி ஏட்டில் ஒரு வரிகூடக் கிடையாது! இவற்றில் எதைக் கணக்கப்பிள்ளை கேட்டார்? முழத்தை மட்டும் கேட்டார்.

முன்பணம் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பது முதலாளியின் ஏட்டில் இருக்கிறது. அந்த ஏட்டை அவர் காட்டுவதில்லை. நம் கணக்கு அவருக்குத் தினமும் வேண்டும். அவர் கணக்கு நமக்கு என்றும் வேண்டாமாம். 1985ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென ஒதுக்கிய சேலை ரகங்களை விசைத்தறியில் ஓட்டிக் கைத்தறி என்று விற்பவரிடம் யார் போய்ப் பொறுப்புக் கேட்டார்கள்? அதிகாரம் ஒருவர் கையில், பொறுப்பு இன்னொருவர் தலையில். இதற்குப் பெயர் பொறுப்பல்ல, கொத்தடிமை.

விரட்டாமல் வேலை நடக்காதா? விவசாயத் தொழிலாளித் தோழர்களே, நீங்களே சொல்லுங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடவுக்கு இறங்கும் பெண்கள், கூலியைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் அவள் வரிசையையும் சேர்த்து நடுகிறாள். வரப்பில் ஆள் நின்று அதட்டவா அது நடக்கிறது?

கேரளத்தைப் பாருங்கள். 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டத்துக்குப் பயந்து முதலாளிகள் கண்ணூர்ப் பகுதியில் பட்டறைகளை மூடினார்கள். வேலையிழந்த தொழிலாளிகள் 1969இல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். அந்த வட்டாரப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பத்திரிகை படிப்பார். மற்றவர்கள் பீடி சுற்றியபடியே கேட்பார்கள். படித்தவருக்குக் கூலி குறையாதபடி தாங்கள் சுற்றியதில் ஒரு பங்கை அவருக்குக் கொடுப்பார்கள். கணக்கு எல்லோர் கண் முன்னாலும் இருந்தது, ஏமாற்ற இடமில்லை. பிற்காலத்தில் பீடி விற்பனை சுருங்கியபோது குடை, உணவுப் பொருள் என்று அந்தக் கூட்டுறவு வேறு தொழில்களுக்கும் போனது.

நம் வீட்டுக் குறையையும் நாம் சொல்லியாக வேண்டும். கூட்டுறவுச் சங்கத்துப் பட்டை வாங்கி வைத்துவிட்டு, முதலாளி சேலையை முதலில் நெய்பவர்கள் நம்மில் இல்லையா? பொதுக்குழுவுக்குப் போகாமல் இருந்துவிட்டு, நிர்வாகம் சரியில்லை என்று டீக்கடையில் பேசுபவர்கள் இல்லையா? முதலாளியின் விரட்டலுக்குப் பயந்து கொடுத்த வாக்கை, சக நெசவாளிக்குக் கொடுக்க மறுப்பது என்ன நியாயம்? நாம் இப்படி இருக்கும்வரை முதலாளியின் பழிக்கு நாமே சாட்சி சொல்கிறோம்.

ஆகவே நாம் சொல்வது இது. பாவு தரும் அன்றே ஊடையும் சரிகையும் முழுதாகத் தர வேண்டும். அன்று முதல்தான் நாள் எண்ண வேண்டும். சேலை முடியும் தேதியை இருவரும் பேசித் தீர்மானிக்க வேண்டும். மழை நாளும் நோய் நாளும் கழிய வேண்டும். கணக்கு ஏடு இரண்டாக எழுதி, ஒன்று நெசவாளி கையில் இருக்க வேண்டும். சங்கத்தின் வரவு செலவைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

நம் பங்குக்கு, தெருவுக்குத் தெரு நெசவாளிகள் வாரம் ஒருமுறை கூடுவோம். தறி எந்த அளவில் நிற்கிறது, எது தடை என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். ஊடை இல்லாதவருக்காகத் தெருவே போய்க் கேட்கட்டும். காரணமில்லாமல் தாமதிப்பவரைத் தெருவே கண்டிக்கட்டும்.

அப்புறம் கணக்கப்பிள்ளைக்கு வாசலில் வேலை இருக்காது. “எத்தனை முழம் ஆச்சு?” என்று அவர் கேட்டால், “ஏட்டைக் கொண்டு வாருங்கள், சேர்த்துப் பார்ப்போம்!” என்று தெருவே பதில் சொல்லும்.