மலைப் பிள்ளைகளின் இரண்டாம் பருவம்

கொடைக்கானல் என்று சொன்ன மாத்திரத்தில் நம்மவர்களுக்கு ஏரியும், படகும், பிரையண்ட் பூங்காவும், கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே காப்பி குடித்த காலை வேளையும் ஞாபகத்துக்கு வரும். அந்த மலைகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள், அக்குழந்தைகளும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போக வேண்டியிருக்கிறது என்ற விஷயம் மட்டும் அநேகமாக ஞாபகத்துக்கு வருவதில்லை. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நாம் அங்கே போவதே பாடசாலைகளுக்கு விடுமுறை விட்ட பிறகுதானே!

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச் சாலையின் பக்கத்தில் வடகவுஞ்சி என்ற ஊர் இருக்கிறது. திண்டுக்கல் ஜில்லா, கொடைக்கானல் தாலுகாவைச் சேர்ந்த ஊராட்சி அது. காப்பியும், மிளகும், மலை வாழையும் விளைகிற பிரதேசம். இத்தகைய ஊரில் ஓர் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் ஒரு பருவ காலத்தில் என்ன கற்கிறார்கள், எதனால் கற்காமற் போகிறார்கள் என்பதைப் பற்றி இந்த வாரம் சிறிது யோசிக்கலாம். சமவெளியில் வசிக்கும் நம்முடைய குழந்தைகளுக்கும் அதில் பிரயோஜனம் உண்டு.

முதலில் பருவம் என்றால் என்ன என்று பார்ப்போம். 2012-13ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டுச் சர்க்கார், எட்டாம் வகுப்பு வரையில் ஒரு வருஷத்தை மூன்று பருவங்களாகப் பிரித்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை முதற் பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் பருவம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்றாம் பருவம். புஸ்தகமும் மூன்றாகப் பிரிந்தது. குழந்தையின் முதுகிலுள்ள சுமை குறைந்தது. வருஷ முடிவில் வருகிற ஒரே பரீட்சையின் பயமும் குறைந்தது. இது நல்ல ஏற்பாடு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால், மலைக்கும் சொந்தமாகப் பருவங்கள் உண்டு. அவை சர்க்கார் உத்தரவைக் கேட்டுக்கொண்டு வருவன அல்ல. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. ஓடைகள் பெருகும், பாதை வழுக்கும், மலைச் சாலையில் மண் சரியும். அந்த மழை ஓயும் முன்னே, நவம்பர் வாக்கில், காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்துவிடும். தகப்பனார், தாயார் இருவரும் விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அதை யார் பார்த்துக்கொள்வது? மூன்றாம் வகுப்பில் படிக்கும் அக்காள்தான்!

ஆக, மழையும் அறுவடையும் சேர்ந்து வந்து விழுகிற இடம் இரண்டாம் பருவம். மூன்று பருவங்களுக்குள் குறுகியதும் அதுவே. தீபாவளியும் அரையாண்டுப் பரீட்சையும் அதற்குள்ளேதான் வருகின்றன.

இதனால் ஏற்படும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2010ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, முதல் ஐந்து வகுப்புகளுக்கு வருஷத்தில் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரப் படிப்பு இருக்கவேண்டும். அதாவது நாள் ஒன்றுக்கு 4 மணி. தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண் இருபது நாள் வராவிட்டால் 80 மணி நேரம் போயிற்று; வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு. அது ஒரே தொடர்ச்சியாகப் போவதுதான் பெரிய கஷ்டம். திரும்பி வரும்போது வகுப்பு இரண்டு பாடம் தாண்டிப் போயிருக்கும். கழித்தலில் கடன் வாங்குவது எப்படி என்று தெரியாத குழந்தைக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தால் என்ன விளங்கும்? மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்க வராத குழந்தைக்கு, அப்புறம் வருகிற புஸ்தகமெல்லாம் பூட்டிய கதவுதான். அந்தப் பெண் பாடசாலையை விட்டு நின்று விட்டதாக யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். பெயர் பதிவேட்டில் இருக்கும். பெண்ணும் பெஞ்சில் இருப்பாள். படிப்பு மட்டும் இருக்காது.

இதற்கு மருந்து இல்லாமற் போகவில்லை. மருந்து கண்டுபிடிக்கப்பட்ட இடமும் ஒரு கிராமப் பிரதேசந்தான். ஆந்திர தேசத்தில் ரிஷி பள்ளத்தாக்கில், பத்மநாப ராவ், ரமா என்ற தம்பதிகள், சுற்றுப்புறத்துச் சிறு பள்ளிகளுக்காக ஒரு முறையை வகுத்தார்கள். பாடம் முழுவதையும் சிறு சிறு படிகளாகப் பிரித்து அட்டைகளில் எழுதி, ஓர் ஏணியைப்போல் வரிசைப்படுத்துவது. குழந்தை தானே அட்டையை எடுத்துச் செய்துவிட்டு அடுத்த படிக்குப் போவது. 2003ஆம் வருஷம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது கமிஷனராயிருந்த ஸ்ரீ எம். பி. விஜயகுமாரின் முயற்சியால் இம்முறை தொடங்கிற்று. பிறகு ராஜ்யம் முழுவதும் பரவிற்று. 'செயல்வழிக் கற்றல்' என்று நேயர்கள் கேள்விப்பட்டிருப்பது இதுதான்.

இந்த ஏணியில் ஒரு பெரிய தர்மம் அடங்கியிருக்கிறது. இருபது நாள் வராத குழந்தை, வகுப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்து ஓட வேண்டியதில்லை. தான் எந்தப் படியில் விட்டதோ அந்தப் படியிலேயே காலை வைத்து ஏறலாம். மேலும், சட்டப்படி 60 குழந்தைகள் வரையுள்ள ஆரம்பப் பாடசாலைக்கு இரண்டு உபாத்தியாயர்கள் போதும். வகுப்புகளோ ஐந்து! இரண்டு பேர் ஐந்து வகுப்பை நடத்துகிற மலைக் கிராமத்தில், ஒவ்வொரு குழந்தையும் தன் அளவில் வேலை செய்கிற முறையைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது?

2022ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆரம்பமான 'எண்ணும் எழுத்தும்' இயக்கமும் இதே வழியில் போயிற்று. கோவிட் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட குறையைத் தீர்ப்பது அதன் நோக்கம். குழந்தைகளை வயதைக்கொண்டு மட்டும் பாராமல், வந்திருக்கும் படிப்பைக்கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாக வைத்து, பாட்டு, கதை, விளையாட்டு மூலம் கற்பித்தார்கள். மக்கு என்றும் மண்டு என்றும் பெயர் வைக்கிற வழக்கம் நம் தேசத்தில் வெகு காலமாய் உண்டு. அதற்குப் பதிலாக அரும்பு என்று ஒரு குழந்தையை அழைப்பது எவ்வளவு மேலானது! அரும்பு நாளைக்கு மலர்ந்துவிடும் அல்லவா?

வயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம். ஜி. ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் காலை உணவும் வந்தது. அடுப்பு மூட்டாமலே தாயார் தோட்டத்துக்குப் புறப்பட்டுவிடும் அறுவடை மாதத்தில், பாடசாலையில் ஆவி பறக்கும் உப்புமாவின் அருமை, படுக்கையில் காப்பி குடிக்கிற நமக்குத் தெரியாது.

இனி, பாடத்துக்கு வருவோம். இரண்டாம் பருவத்தைக் கெடுக்கிறவை மழையும் காப்பியும் என்றோம். அவற்றையே ஏன் உபாத்தியாயர்களாக நியமித்துக்கொள்ளக் கூடாது? சம்பளம் கேட்காத உபாத்தியாயர்கள்!

நேரான பக்கங்களுள்ள ஒரு தகர டப்பாவை வெட்டவெளியில் வைத்து, தினம் காலையில் ஓர் அளவுகோலை விட்டுப் பார்த்தால், எத்தனை மில்லிமீட்டர் மழை என்று தெரிந்துவிடும். மூன்று மாதத்துக் குறிப்பைச் சுவரில் கட்டம் கட்டி எழுதினால் கூட்டல், ஒப்பிடுதல், தசமம் எல்லாம் அதற்குள் வந்து விடும். ஒரு கிலோ காப்பிக் கொட்டை கிடைக்க ஏறக்குறைய ஐந்து, ஆறு கிலோ பழம் வேண்டும். ஒரு மூட்டைப் பழத்துக்கு எத்தனை கொட்டை என்று கேட்டால், அது வகுத்தல் கணக்கு. அந்தக் கணக்குத் தெரிந்த பெண், தாயார் கொண்டு வருகிற நிறுவைச் சீட்டைப் படித்து, எடையும் கூலியும் சரியா என்று சொல்வாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் படிப்பினால் என்ன பிரயோஜனம் என்று கேட்க மாட்டார்கள்.

விருப்பாட்சி மலை வாழைக்கு 2008ஆம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வாழை, 1970களில் முடிக்கொத்து நோயினால் இந்த மலைச் சரிவுகளில் பெருமளவு அழிந்து போயிற்று. இலைகள் ஏன் கொத்தாகச் சுருங்குகின்றன? ஒரு சிறு அசுவினிப் பூச்சி, கண்ணுக்குத் தெரியாத வைரஸைச் சுமந்து போவதனால். இதைவிட நல்ல விஞ்ஞான பாடம் எந்த நகரத்துப் பள்ளியில் இருக்கிறது?

பன்னிரண்டாம் வாய்பாட்டுக்கோ குறிஞ்சியே இருக்கிறது. 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு வருஷத்துக்கொரு முறை நீலக்குறிஞ்சி பூத்தது. அடுத்தது 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. 2025 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, ஐந்தாம் வகுப்பை முடித்து ஆரம்பப் பாடசாலையை விட்டு வெளியேறும் வருஷத்தில் குறிஞ்சி பூக்கும். அப்பொழுது அந்தக் குழந்தை, தான் பார்த்த பூவைப் பற்றித் தன் கையாலேயே பத்து வரி எழுதுமா, எழுதாதா? வடகவுஞ்சியிலும் அதன் அண்டை ஊர்களிலும் நடக்கிற ஆரம்பக் கல்விக்கு இதுவே தக்க பரீட்சை என்பது நமது அபிப்பிராயம்.

"மலைப் பிள்ளைகளுக்கு மலையைப் பற்றியே சொல்லிக் கொடுத்தால், அவர்கள் மலையிலேயே கிடக்க வேண்டியதுதானா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. 1937ஆம் வருஷம் அக்டோபரில் வார்தாவில் மகாத்மா காந்தி ஆதாரக் கல்வித் திட்டத்தை வெளியிட்டு, டாக்டர் ஜாகீர் ஹுசேன் கமிட்டி அதை வகுத்தபோதும் இத்தகைய ஆட்சேபம் எழுந்தது. கைத்தொழில் மூலம் படிப்பு என்பதைப் பலர் ஒப்புக்கொண்டார்கள். குழந்தைகள் செய்த பொருளை விற்றுப் பாடசாலைச் செலவை ஈடு செய்யலாம் என்ற பகுதியைப் பலர் ஒப்பவில்லை. அதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. காப்பிப் பழத்தை எண்ணுவதற்குப் பழக்கலாம். பறிப்பதற்குப் பழக்கக் கூடாது. கணக்கு எங்கே கற்றாலும் கணக்குத்தான். தகர டப்பாவில் தசமம் கற்ற குழந்தை, கொடைக்கானலில் 1901 முதல் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வானாராய்ச்சி நிலையத்துக்குள் ஒரு நாள் விஞ்ஞானியாகவே நுழையலாம். இதே ஜில்லாவில், 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை ஸ்தாபித்ததும், கிராமத்திலிருந்து தொடங்கி மேலே ஏறலாம் என்ற நம்பிக்கையினால்தான்.

கடைசியாக, நாட்காட்டி விஷயம். மே மாதத்தில் நாம் ஏன் பாடசாலைகளை மூடுகிறோம்? வேலூரிலும் மதுரையிலும் வெயில் கொளுத்துகிறது என்பதற்காக. அந்த வெயிலுக்குப் பயந்து நாம் எந்த மலைக்கு ஓடுகிறோமோ, அந்த மலையிலும் பாடசாலை மூடிக் கிடக்கிறது! மதுரையின் வெயிலுக்காக வடகவுஞ்சிக்கு விடுமுறை. வடகவுஞ்சியின் மழைக்கும் அறுவடைக்கும் ஒன்றுமில்லை. வடக்கே இமாசலப் பிரதேசத்தில் இப்படிச் செய்வதில்லை. பனி பெய்யும் ஊர்களின் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை குளிர்காலத்தில். மற்ற ஊர்களுக்குக் கோடையில். ஒரே ராஜ்யத்தில் இரு நாட்காட்டிகள். ஆகாயம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

நம்முடைய கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவை எடுத்துப் பார்த்தால், கல்வியாண்டின் நாட்காட்டியைத் தீர்மானிப்பது உள்ளாட்சி அதிகாரிகளின் கடமைகளுள் ஒன்று என்றே எழுதியிருக்கிறது. சட்டம் கொடுத்த அதிகாரத்தைப் பழனி மலையில் உபயோகித்தால் என்ன? காப்பி அறுவடை மும்முரமாயிருக்கும் இரண்டு வாரத்தை விடுமுறையாக்கி, அந்த நாட்களை மே மாதத்திலிருந்து ஈடு செய்துகொள்ளலாம். ஆரம்ப வகுப்புகளுக்குப் பொதுப் பரீட்சை கிடையாதாகையால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் அந்த இரண்டு வாரமும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அங்கன்வாடியும், பெரிய குழந்தைகளுக்குச் சாப்பாடும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் விடுமுறை என்பது தோட்ட வேலைக்குக் குழந்தைகளை அனுப்பிய கதையாகிவிடும்.

நேயர்கள் அடுத்த மே மாதம் கொடைக்கானலுக்குப் போகும்போது, ஏரியைப் பார்த்த பிறகு, வழியிலுள்ள ஏதேனும் ஒரு சிறு பாடசாலையையும் பார்த்து வரட்டும். கதவு பூட்டியிருக்கும். எந்த ஊரின் வெயிலுக்காக அந்தப் பூட்டு என்று தங்கள் குழந்தைகளைக் கேட்கட்டும். குழந்தைகள் சரியான பதில் சொல்வார்கள். பெரியவர்களாகிய நாமும் அதைக் கேட்டு நடந்தால் போதும்.