ஒரு நாள் சுற்றுலா

மாதர் சங்கச் சுற்றுலாவுக்குத் திட்டம் போட உட்கார்ந்தோம். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பதுளையிலிருந்து வாடகை பஸ். பண்டாரவளை, ஹப்புத்தளை, 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் துரை கட்டிய அடிஷாம் பங்களா. பிறகு பெரகலை வழியாக 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சி. மலசலகூடம் உள்ள இடங்களையும் குறித்தேன். பெண்கள் பயணத்தில் அதுதானே முதல் கேள்வி!

"மிஸ், கொஸ்லந்தையில கொஞ்சம் நிப்பாட்டுவோமா?" என்றார் ஓர் அக்கா. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது அவருடைய தங்கையும் போய்விட்டார்.

"சந்தோஷமா போற நேரத்துல அழுகை எதுக்கு?" என்றனர் சிலர். நான் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பொறுப்பான அம்மாதான் சொன்னார்: "சோறு கட்டுறப்போ அவளுக்கும் ஒரு பார்சல் கட்டுறேன்."

தியலுமவில் பகல் சாப்பாட்டை இரண்டு மணிக்குத் தள்ளி எழுதினேன்.