துப்பாக்கிக்கு மூன்று காப்பு! தொழிலாளியின் விரலுக்கு எத்தனை?



போசரியிலும் சாக்கனிலும் நம் இளைஞர்கள் கூடும் இடங்களில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. கைத்துப்பாக்கிப் பேச்சு! அதை இடுப்பில் கட்டிய போலீஸ்காரர் சொன்னாராம், செக்யூரிட்டி வேலை பார்க்கும் முன்னாள் ராணுவத்தார் சொன்னாராம்: பாதி பிளாஸ்டிக்காம், கை கனக்காதாம், துருப் பிடிக்காதாம், கீழே போட்டாலும் வெடிக்காதாம், விலையும் மற்றதைவிட மலிவாம்.

பேசட்டும். நாம் தடுக்கவில்லை. ஆனால் பாதியோடு நிறுத்தாமல் முழுவதும் பேசுவோம் என்கிறோம். ஏனென்றால் அந்தத் துப்பாக்கியின் கதையில், பிரஸ்ஸுக்கு முன்னால் நிற்கும் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தை முதலாளிகள் நமக்குச் சொல்ல மாட்டார்கள்.

இந்த வகைத் துப்பாக்கிக்கு உலகெங்கும் வழி திறந்தவர் ஆஸ்திரியாவின் காஸ்டன் கிளாக். திரைச்சீலை மாட்டும் கம்பியும், ராணுவத்துக்குக் கத்தியும் செய்துவந்தவர். 1980 வாக்கில் அந்நாட்டு ராணுவத்துக்குப் புதிய கைத்துப்பாக்கி தேவைப்பட்டது. துப்பாக்கித் தொழிலில் முன்அனுபவம் இல்லாத அந்த மனிதர் என்ன செய்தார்? துப்பாக்கி பிடித்துப் பழகியவர்களைக் கூட்டி உட்காரவைத்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். அவர்கள் சொன்னதைக் கேட்டுச் செய்தார். 1982-இல் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. குழலும் மேலே நகரும் பகுதியும் எஃகு. கைப்பிடியும் சட்டகமும் நைலான் வகை பாலிமர். நம் மோல்டிங் பட்டறைகளில் "தானா" என்று சொல்கிறோமே, அதைப்போன்ற குருணையை உருக்கி அச்சில் அடித்து எடுப்பதுதான். நமக்குத் தெரியாத மாயவித்தை எதுவும் அதில் இல்லை!

ராணுவம் விதித்த நிபந்தனைகளில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து எஃகுத் தகட்டின்மேல் விழுந்தாலும் அது வெடிக்கக் கூடாது. கிளாக் மூன்று காப்புகளை வைத்தார். விரல் சரியாகப் பதிந்து இழுத்தாலன்றி விசை நகராது, இது ஒன்று. விசையை முழுவதும் இழுக்காதவரை சுடும் ஊசி முன்னே போகாது, இது இரண்டு. விழுந்த அதிர்ச்சியிலும் உள்ளே பிடிப்பு விடுபடாது, இது மூன்று. இந்த மூன்றையும் யாரும் நினைவு வைத்துப் போட வேண்டியதில்லை. தாமாகவே இயங்குகின்றன.

இதற்கு என்ன பொருள்? சிப்பாய் களைத்திருப்பான், பயந்திருப்பான், கை நடுங்கும், துப்பாக்கி நழுவும் என்பதை அந்த ராணுவம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டது. "கவனமாகப் பிடிக்காதது உன் குற்றம்" என்று சிப்பாயிடம் சொல்லவில்லை. "நழுவினாலும் ஆபத்து வராதபடி செய்" என்று செய்கிறவனிடம் சொன்னது.

அதன்பிறகும் குறை சொன்னார்கள். தனியாகப் பூட்டும் தாழ்ப்பாள் இல்லாததால் விரல் தவறிப் பட்டாலே வெடிக்கும் என்றார்கள். நியூயார்க் போலீசுக்காக விசையைக் கடினமாக்கும் தனி ஸ்பிரிங் வந்தது. வைத்திருப்பவன் வாய் திறந்தான், பொருள் மாறியது!

இப்போது போசரிக்கு வாருங்கள்.

எம்.ஐ.டி.சி.யின் பட்டறைகளில் பவர் பிரஸ் இரவும் பகலும் இடிக்கிறது. கார்களுக்கும் பைக்குகளுக்கும் தகடு வெட்டி, வளைத்து, துளையிட்டு அனுப்புகிறோம். எட்டு மணி ஷிப்ட் பன்னிரண்டு மணியாகிறது. ஆயிரக்கணக்கான தடவை கை டைக்குள் போய் வருகிறது. ஒரே ஒரு தடவை தாமதமானால் போதும்! இதற்குக் காப்பு என்ன என்பது உலகம் அறிந்த சங்கதி. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும் ஏற்பாடு உண்டு. கை குறுக்கே வந்தால் நிறுத்தும் சென்சார் திரை உண்டு. பழைய கிளட்ச் பிரஸ் ஒருமுறை இறங்கத் தொடங்கினால் நடுவில் நிற்காது. சென்சார் போட்டும் பயனில்லை. ஆகவே அதற்குக் கை நுழையவே முடியாத கம்பிக் கூண்டு உண்டு. எல்லாம் உண்டு. எங்கே உண்டு? புத்தகத்தில் உண்டு!

நம் பட்டறைகளில் எத்தனை பிரஸ்ஸில் இவை இருக்கின்றன? இருந்த இடத்திலும் உற்பத்தி குறைகிறதென்று ஒரு பொத்தானை டேப் ஒட்டி அழுத்தியே வைத்திருப்பது யாருடைய உத்தரவு? கூண்டைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்தது எவர்? காலால் மிதிக்கும் பெடல் ஒன்றை மட்டும் நம்பி நம் பிள்ளைகளை நிறுத்துவது எந்த நியாயம்?

கேட்டால் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன.

முதல் பதில்: "தொழிலாளியின் கவனக்குறைவு." நாம் கேட்கிறோம். கையிலிருந்து துப்பாக்கியைக் கீழே போடுவது கவனக்குறைவு இல்லையா? அந்தக் கவனக்குறைவுக்கு மூன்று காப்பு வைக்கத் தெரிந்த உலகத்துக்கு, பதினோராவது மணி நேரத்தில் கண் சொக்கும் தொழிலாளிக்கு ஒரு காப்பு வைக்கத் தெரியாதா?

இரண்டாவது பதில்: "செலவு தாங்காது." நம் ஊரையே பார்ப்போம். புனே பாஷானில் இருக்கும் ஆயுத ஆராய்ச்சிக் கூடமும் மாவ் காலாட்படைப் பள்ளியும் சேர்ந்து "அஸ்மி" என்ற இயந்திரக் கைத்துப்பாக்கியை உருவாக்கி 2021 ஜனவரியில் அறிவித்தன. கீழ்ச்சட்டகம் கார்பன் இழை. விசையின் உறுப்புகள் உலோக முப்பரிமாண அச்சில் வந்தவை. நான்கே மாதத்தில் உருவானது. ஒன்றின் உற்பத்திச் செலவு 50,000 ரூபாய்க்குள் என்றார்கள். அந்தப் பொறியாளர்களின் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அதே திறமை போசரிக்கு வர எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்கிறோம். நான்கு மாதத்தில் துப்பாக்கி செய்ய முடிந்த ஊரில், நாற்பது வருடமாக ஓடும் பிரஸ்ஸுக்கு ஒரு கூண்டு செய்ய முடியவில்லை என்றால் யார் நம்புவார்? இல்லாதது பணம் அல்ல, மனம்!

மூன்றாவது பதில்: "நஷ்டஈடுதான் உண்டே." உண்டு. என்ன கணக்கு தெரியுமா? 1923-ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டம் ஓர் அட்டவணை போட்டது. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால், சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 14 இழப்பு. கட்டைவிரலுக்கு 30. ஒரு கையின் நான்கு விரல்களுக்கும் 50. துப்பாக்கியின் விசையை இழுக்கும் அதே ஆள்காட்டி விரல்தான், தோழர்களே! அது சிப்பாயின் கையில் இருந்தால் நாட்டின் சொத்து. நம் கையில் இருந்தால் நூற்றுக்குப் பதினான்கு! விரல் போனவனை மறுபடி பிரஸ்ஸில் எடுப்பாரா காண்ட்ராக்ட்காரர்? பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நிற்கும் தகப்பனுக்கு எந்த அட்டவணையில் பதில் இருக்கிறது?

சட்டமும் நம்மைவிட்டு விலகிப் போகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஆபத்தான இயந்திரத்துக்கு வேலி கட்டாயம் என்றது. மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பு, தொழிற்சாலை என்ற பெயருக்கே 20 பேர் வேண்டும் என்கிறது. போசரியின் சந்துகளில் 12 பேர், 15 பேரோடு ஓடும் பட்டறைகள் எத்தனை என்பது நமக்குத் தெரியாதா? ஆள் குறைந்தால் பிரஸ்ஸின் எடை குறையுமா? பத்தொன்பது பேர் இருக்கும் இடத்தில் விரல் என்ன இரும்பாகிவிடுமா?

நாம் துப்பாக்கி கேட்கவில்லை. அது உயிரை எடுக்கும் கருவி. அது எவ்வளவு மலிந்தாலும் நம் வீட்டு அடுப்பு எரியப் போவதில்லை. அந்தக் கொல்லும் கருவியைச் செய்தவன் காட்டிய அக்கறையை, உலகத்துக்குச் சோறு போடும் கருவிக்கும் காட்டு என்றுதான் கேட்கிறோம். கிளாக் தம் முதல் மாதிரிகளை இடது கையால் சுட்டுப் பார்த்தார் என்பார்கள். வெடித்துச் சிதறினாலும் வரைபடம் போட வலது கை மிஞ்ச வேண்டுமாம்! தன் கையின் அருமை தெரிந்தவன் அவன். நம் கையின் அருமையை நாம்தான் சொல்ல வேண்டும்.

என்ன செய்வது?

ஷிப்ட் தொடங்குமுன் பொத்தான், கூண்டு, சென்சார் மூன்றையும் பாருங்கள். பிரஸ் தானாக இரட்டை அடி அடித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் ஒருவனை வெளியேற்றுவார்கள். பத்துப் பேராகச் சொல்லுங்கள். மராட்டித் தோழனையும் பீகார்த் தோழனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரஸ் மொழி பார்த்து விரலை வெட்டுவதில்லை. சேர்ந்த அன்றே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அடிபட்ட பிறகு பதிவு செய்யும் தந்திரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். விபத்து நடந்தால் நாள், நேரம், இயந்திரம், சாட்சி நால்வகையையும் எழுதி வையுங்கள். தொழிலகப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கு மராட்டியில் மனு எழுதத் தெரியவில்லையா? சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். தாய்மார்களே! சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் அன்றே, இயந்திரத்துக்குக் கூண்டு உண்டா என்றும் கேளுங்கள்.

துப்பாக்கி வைத்திருப்பவன் சொன்னதைக் கேட்டுத் துப்பாக்கியை மாற்றினார்கள். பிரஸ் ஓட்டுகிறவன் சொல்வதைக் கேட்டு பிரஸ்ஸை மாற்றட்டும்! கேட்கும்வரை சொல்வோம். ஒரே குரலில் சொல்வோம்!