'அகோட்டார்' சண்டை: நெருப்பும் காற்றும் வரும் காதல் கதையில் வாசகர்கள் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து கேப் ஏறுபவர், ஆவடி லோக்கலில் எப்படியோ ஜன்னலோரம் பிடித்தவர், பூந்தமல்லி டிராஃபிக்கில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டே போகிறவர். எல்லோர் கையிலும் போன், சிலர் போனில் நாவல். அது ஆங்கில நாவல் என்றால், இப்போதைக்கு 'ரொமான்டஸி'யாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. ரொமான்ஸும் ஃபேன்டஸியும் கலந்த ரகம். நாயகியின் விரல் நுனியில் தீ வரும், நாயகன் நிழலை ஏவுவான், நடுவில் காதல்.

இது சின்ன வியாபாரம் இல்லை. 2025 ஜனவரியில் வந்த ரெபெக்கா யாரோஸின் 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இந்த அலையைப் பெரிதாக்கிய இன்னொருவர் சாரா ஜே. மாஸ். அவருடைய 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' 2015இல் வந்தது. அவ்வளவு நீளப் பெயரை யாரும் சொல்வதில்லை. 'அகோட்டார்' என்றால் போதும்.

இந்த அகோட்டார் பற்றி ஐந்து வாசகர்களிடம் கேட்டால் ஆறு கருத்து வரும். தூங்காமல் படித்தேன் என்பவர் உண்டு, நூறு பக்கம் தாண்டவில்லை, மொக்கை என்று மூடியவரும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஏதோ 'என் ஹீரோ, உன் ஹீரோ' சண்டை மாதிரிதான் தெரியும். கொஞ்சம் கிட்டே போய்க் கேட்டால் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருப்பது புரியும்.

(முக்கியத் திருப்பங்கள் கீழே வருகின்றன. இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

கதை என்ன?

ஃபெய்ரா என்ற 19 வயதுப் பெண். வறுமை. வேட்டையாடித்தான் குடும்பத்துக்குச் சோறு. காட்டில் ஒரு ஓநாயைக் கொல்கிறாள். அது ஓநாய் இல்லை, உருமாறிய ஒரு தேவகுலத்தான். அதற்குத் தண்டனையாக டாம்லின் என்பவன் வந்து அவளைத் தன் மாளிகைக்குக் கூட்டிப்போகிறான். வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குச் சொல்லும் 'அழகியும் மிருகமும்' கதையின் எலும்புக்கூடுதான் இது. அவன் வசந்த அரசவையின் தலைவன். அந்த உலகில் மொத்தம் ஏழு அரசவைகள்: நான்கு பருவங்களுக்கு நான்கு, விடியல், பகல், இரவு என்று மூன்று.

டாம்லினைக் காப்பாற்றப் போய், முதல் பாகத்தின் முடிவில் ஃபெய்ரா செத்துப்போகிறாள். ஏழு அரசவைத் தலைவர்களும் ஆளுக்கொரு துளி தங்கள் சக்தியைக் கொடுத்து அவளை உயிர்ப்பிக்கிறார்கள். விளைவு, 2016இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவளிடம் தீ, நீர், பனி, காற்று, இருள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது.

மேஜிக் ஓட்டையா?

ஃபேன்டஸி ரசிகர்களின் முதல் குற்றச்சாட்டு இதுதான். ஓட்டை என்பதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எந்த சக்தி எப்போது வரும், எவ்வளவு களைப்பு தரும், எங்கே தோற்கும் என்பதற்கெல்லாம் உறுதியான விதி இல்லை. தேவைப்படும்போது நீர் ஓநாய் வடிவெடுத்துப் பாய்கிறது. தேவைப்படாதபோது அந்த சக்தி இருப்பதே ஞாபகம் வருவதில்லை. பிந்தைய பாகங்களில் இந்த ஏழு சக்திகளும் பரணில் தூக்கிப்போட்ட பாத்திரம் மாதிரி ஆகிவிடுகின்றன.

நம் ஊர் வாசகருக்கு இது கூடுதலாகவே உறுத்த ஒரு காரணம் இருக்கலாம். பஞ்சபூதமும் காதலும் சேர்ந்த கதை நமக்குப் புதிதில்லை. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் மாங்காட்டையே எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டாகச் சிவனின் கண்ணைப் பொத்தியதில் உலகமே இருண்டுபோக, பார்வதி பூமிக்கு வந்து தவம் செய்தது அங்கேதான் என்கிறது தலபுராணம். சுற்றிலும் தீ வளர்த்து, ஐந்து அக்கினிக்கு நடுவே, ஒற்றைக் கால் கட்டைவிரலில் நின்று. பிறகு காஞ்சிபுரம் போய் மணலில் லிங்கம் பிடிக்கிறாள். ஆற்றில் வெள்ளம் வருகிறது. லிங்கம் கரையாமல் இருக்கக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்கு உரியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தீ, மண், நீர், மூன்றும் வந்துவிட்டன, கூடவே ஒரு கல்யாணமும்.

நம்பிக்கையையும் நாவலையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் கதை சொல்லும் விதத்தில் ஒன்றைக் கவனிக்கலாம். அந்தத் தீ சும்மா வந்துவிட்டுப் போகவில்லை. அணைக்காமல் விட்டுப்போன அக்கினியின் வெப்பம் ஊரையே வாட்டியது, ஆதிசங்கரர் வந்து அர்த்தமேரு சக்கரம் நிறுவிய பிறகுதான் தணிந்தது என்று கதை தொடர்கிறது. வெப்பம் எங்கே போச்சு என்ற கேள்விக்கும் அதில் பதில் உண்டு.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி எழுப்பும் தீயும் அப்படித்தான். தன் உடலையே பிய்த்து எறிந்து எழுப்புகிறாள். அப்போதும் முதியவர், குழந்தை, பசு என்று யாரையெல்லாம் தொடக்கூடாது என அக்கினிக்கு அவள் கணக்காகச் சொல்லிவிடுகிறாள். இப்போதைய ரசிகர்கள் 'மேஜிக் சிஸ்டம்' என்று சொல்வது இதைத்தான். விலை, விதி, பின்விளைவு. இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு, ஃபெய்ராவின் தீ லைட்டர் மாதிரி பற்றி அணைவது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தால் அதில் தப்பில்லை.

அப்புறம் ஏன் இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்கள்?

ஏனென்றால் அவர்கள் அந்த சக்தியை வேறு விதமாகப் படிக்கிறார்கள். அதற்கு இரண்டாம் பாகத்தின் முதல் பகுதிக்குப் போக வேண்டும்.

முதல் பாகத்தில் டாம்லின்தான் ஹீரோ. அழகன், பாதுகாப்பவன், கோபக்காரன். கோபம்கூட அக்கறையாகவே தெரியும். இரண்டாம் பாகத்தில் அதே அக்கறை ஃபெய்ராவின் கழுத்தை நெரிக்கிறது. வெளியே போகாதே, பயிற்சி வேண்டாம், ஆபத்து, நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வாக்குவாதத்தில் அவன் கோபம் வெடித்து அறையே நொறுங்குகிறது. அவள் மேல் மட்டும் ஒன்றும் படவில்லை. அவளுக்கே தெரியாமல் காற்று அவளைச் சுற்றிச் சுவராக நின்றிருக்கிறது. பிறகு ஒருநாள் அவளை மாளிகைக்குள் வைத்து மந்திரத்தால் அடைத்துவிட்டுப் போய்விடுகிறான். வெளியேற முடியாமல் அவள் உடைந்துபோகும்போது உள்ளிருந்து இருள் பொங்குகிறது.

இந்தக் காட்சிகளுக்காகவே ஐந்து ஸ்டார் கொடுக்கும் வாசகிகள் இருக்கிறார்கள். காற்றுக்கு விதி இருக்கிறதா என்று அவர்கள் கேட்பதில்லை. காதலிப்பவனின் கோபத்துக்கும் தன் உடம்புக்கும் நடுவில் ஒரு சுவர் வந்து நின்றது, அதுதான் அவர்களுக்கு முக்கியம். அகோட்டாரின் மேஜிக் ஃபேன்டஸியாகப் பார்த்தால் சுமார்தான். ஓர் உறவுக்குள் மூச்சு முட்டுவது எப்படி இருக்கும் என்பதைக் காட்டும் கருவியாகப் பார்த்தால் அது நன்றாகவே வேலை செய்கிறது. 'நைட் ஷிஃப்ட் எல்லாம் எதுக்கு, நான் சம்பாதிக்கிறேன்ல' என்ற வசனத்தை நிஜத்தில் கேட்ட ஒரு பெண்ணுக்கு அந்த மாளிகைக் கதவு அந்நிய நாட்டுக் கதவாகத் தெரியாது.

தமிழ்க் காதல் நாவல்களிலும் இந்த ஹீரோவை நமக்குத் தெரியும். ரமணிசந்திரன் நாவலைப் பத்திரிகைக்குள் மறைத்துவைத்துப் படித்த தலைமுறைக்கு, வெடுக்கென்று பேசிவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் உருகும் நாயகன் பழகியவன். இன்று பிரதிலிபி மாதிரி ஆப்களில் 'ஆன்ட்டி ஹீரோ' கதைகளுக்கென்றே தனிக் கூட்டம் உண்டு. அவன் கத்துவான், கட்டுப்படுத்துவான், எல்லாம் அவள்மேல் உள்ள காதலால். அதற்குக் கீழே 'சூப்பர் சிஸ், அடுத்த எபி எப்போ' என்று கமென்ட் ஓடும். அகோட்டாரின் முதல் பாகமும் அந்தக் கதையையே விற்கிறது. இரண்டாம் பாகம் அதைத் திருப்பிப் போட்டு, 'நீ ரசித்தாயே, அது இதுதான்' என்கிறது. இரண்டாம் பாகம் முடித்துவிட்டு முதல் பாகத்தைத் திரும்பப் படிப்பவர்கள், அறிகுறியெல்லாம் அங்கேயே இருந்ததே என்று பக்கம் பக்கமாகக் கோடு போடுகிறார்கள். நாவலைவிட இந்தக் கோடு போடும் வேலைதான் சுவாரஸ்யம் என்றுகூடச் சொல்லலாம்.

ரீஸாண்ட் மட்டும் ஒழுங்கா?

இங்கேதான் ரசிகர்களுக்குள்ளேயே பிளவு. டாம்லினிடமிருந்து ஃபெய்ரா போய்ச் சேர்வது இரவு அரசவையின் ரீஸாண்டிடம். 'முடிவு உன்னுடையது' என்று திரும்பத் திரும்பச் சொல்பவன். ஆயிரக்கணக்கான ரீல்ஸ் அவன் புகழ் பாடுகின்றன. (டிக்டாக் இங்கே 2020 ஜூனிலேயே தடையானது. அதனால் நம் ஊரில் இந்த நாவல் காய்ச்சல் பெரும்பாலும் இன்ஸ்டாகிராம் வழியாகவே பரவியது.)

ஆனால் இதே ரீஸாண்ட்தான் முதல் பாகத்தில் ஃபெய்ராவுக்கு மயக்க மது கொடுத்து, கூட்டத்துக்கு நடுவே ஆடவைத்தவன். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று பிறகு விளக்கம் வருகிறது. 2021இல் வந்த 'எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ்' நாவலில் இன்னும் பெரிய விஷயம். கர்ப்பமாக இருக்கும் ஃபெய்ராவின் உயிருக்கே பிரசவத்தில் ஆபத்து என்பது அவனுக்குத் தெரிகிறது. அவளிடம் சொல்லாமல் மறைக்கிறான். சுற்றியிருப்பவர்களும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அக்கா நெஸ்டாதான் கோபத்தில் போட்டு உடைக்கிறாள்.

'முடிவு உன்னுடையது' என்றவன், அவள் உடம்பைப் பற்றிய தகவலையே அவளிடமிருந்து பூட்டிவைத்தால், டாம்லின் பூட்டிய கதவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வியைப் பெரிய விமர்சகர் யாராவது வந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. தூக்கம் கெட்டு மூன்று பாகம் படித்த வாசகிகளே கேட்டார்கள். அவனுக்கு வக்காலத்து வாங்குபவர்களும் சும்மா இல்லை: பயத்தில் செய்தான், அவளைக் கலங்கடிக்க மனம் வரவில்லை என்று. டாக்டரும் மாமியாரும் கணவரும் தலைமாட்டில் நின்று பேசிக்கொள்ள, கட்டிலில் இருக்கும் பெண்ணிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லாத வீடுகளை அறிந்தவருக்கு, இந்த வாதம் இறக்கை முளைத்தவர்களைப் பற்றியது மட்டும் இல்லை என்பது உடனே புரியும்.

இந்த விஷயத்தில் ரீஸாண்டைத் திட்டுபவர்கள் பக்கமே வலு அதிகம். நாவல் அவனை மன்னிக்கக் காட்டும் அவசரத்தைப் பார்த்தால், எழுத்தாளருக்கே அந்தக் காட்சி கையை மீறிப் போய்விட்டதோ என்று தோன்றுகிறது. ஃபெய்ராவின் சக்தி எங்கிருந்து வந்தது என்ற பழைய கேள்வியும் அங்கே திரும்ப வருகிறது. ஏழு பேர் கொடுத்த சக்தி அது. மாங்காட்டில் நின்றவள் தீயை யாரிடமும் வாங்கவில்லை.

ஸ்டார் எண்ணிக்கை சொல்லாத விஷயம்

4.2 ஸ்டார், 3.8 ஸ்டார் என்று பார்த்துப் புத்தகம் வாங்குவதில் உள்ள சிக்கல் இதுதான். விதி பிடித்துப் படிக்கும் ஃபேன்டஸி வாசகர் கொடுத்த இரண்டும், கதவு உடைந்த காட்சிக்காக இன்னொருவர் கொடுத்த ஐந்தும் கூட்டி வகுபட்டு, யாருக்குமே பொருந்தாத ஒரு எண் ஆகிவிடுகிறது. 'முதல் பாகம் இழுவை, ஆனா ரெண்டாவதுல டாம்லின் மேட்டர் இருக்கு, அதுக்காகப் படி' என்று தோழி அனுப்பும் ஒற்றை வாய்ஸ் நோட்டில் அதைவிட விவரம் அதிகம்.

வயது விஷயமும் அப்படித்தான். முதலில் பதின்பருவத்தினருக்கான வரிசையில் வெளியான இந்தத் தொடரை, 2020இல் புளூம்ஸ்பரி அட்டையை மாற்றிப் பெரியவர்களுக்கானதாக மறுபடி வெளியிட்டது. உள்ளே வெளிப்படையான பாலியல் காட்சிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2024இல் அரசுப் பள்ளிகள் முழுவதிலுமிருந்து நீக்கச் சொன்ன முதல் 13 புத்தகங்களில் ஆறு இவர் எழுதியவை. தடை போடுவது அபத்தம். அதற்காக, பூப்போட்ட அட்டையைப் பார்த்து ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுப்பதும் சரியில்லை. 'ஸ்பைஸ் இருக்கு, 18 பிளஸ்' என்று கருத்தின் முதல் வரியிலேயே எழுதும் வாசகர், கடை அலமாரி செய்யாத உதவியைச் செய்கிறார்.

சரி, எதை எடுப்பது?

விதி, விலை, பின்விளைவு எல்லாம் கறாராக இருக்க வேண்டும், காதல் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்றால் என். கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' (2015). நிலநடுக்கத்தையே கட்டுப்படுத்தும் மனிதர்கள், அதனாலேயே அடிமைப்படுத்தப்படுபவர்கள். ஹ்யூகோ விருது வாங்கியது. படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

காதலும் வேண்டும், வாசனை நம் பக்கத்து வாசனையாகவும் இருக்க வேண்டும் என்றால் தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021). இந்திய மண்ணைச் சாயலாகக் கொண்ட உலகம், செடிகொடியை வசப்படுத்தும் ஒரு பணிப்பெண், சிறைவைக்கப்பட்ட ஒரு இளவரசி. காதல் இந்த இருவருக்கும் இடையில்தான். இதிலும் ஒரு பூட்டிய கதவு வருகிறது. 2022இல் உலக ஃபேன்டஸி விருது பெற்றது. முதல் ஐம்பது பக்கம் பெயர்களாகவே வரும், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.