கூடு ரெடி, கோழி எங்கே?

விழிஞ்ஞத்தில் மூன்று சென்ட், நாலு சென்ட் மனையில் வீடு கட்டியதுபோக மிஞ்சுவது கொல்லை என்ற பெயருக்குத்தான். ஒரு தென்னை, ஒரு துவைகல், மூலையில் கோழிக்கூடு. தச்சரிடம் சொல்லிச் செய்த புதுக்கூடு வந்து, கோழிகளும் வந்துவிட்ட பிறகுதான் சிக்கல் ஆரம்பம். பொழுது சாயும்போது பார்த்தால் கூடு காலி. கோழிகள் பக்கத்து வீட்டு மதிலிலோ முருங்கை மரத்திலோ இருக்கும்.

கோழியைக் குற்றம் சொல்ல முடியாது. காட்டுக்கோழியின் வம்சம் அது. இருட்டினால் கண் சரியாகத் தெரியாது. உயரமான இடம் தேடும். நேற்று ராத்திரி உயிர் பிழைத்த இடத்தைத்தான் இன்றும் நம்பும்.

அரசுத் திட்டங்களில் கிடைக்கும் குஞ்சுகளின் பாடு இன்னும் கஷ்டம். இன்குபேட்டரில் பொரித்து, பல்பு வெளிச்சத்தில் ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ வளர்ந்து வீடு வந்து சேர்பவை. கூடடையக் கற்றுத்தரத் தாய்க்கோழி இருந்ததே இல்லை. மண்ணுத்தியில் உருவான கிராமஸ்ரீ ரகம் வருஷத்துக்குச் சுமார் 180 முட்டை இடக்கூடியது. முதல் வாரமே ஒன்றை நாயோ மரநாயோ தூக்கிப் போனால், முட்டைக் காசை நம்பி வளர்ப்பவருக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. எத்தனை கோழி கொடுத்தோம் என்று கணக்கு வைப்பது சுலபம். மாதம் கழித்து எத்தனை கூட்டில் அடைகின்றன என்பதல்லவா கணக்கு!

வழி பழையதுதான். வாங்கி வந்த கோழியைக் காலில் கயிறு கட்டியோ பஞ்சாரத்தில் கவிழ்த்தோ சில நாள் வைப்பது தெற்கத்தி வீடுகளில் எல்லோரும் அறிந்தது. கூடு இருந்தால் கயிறு வேண்டாம். இருட்டிய பிறகு கொண்டு வந்து உள்ளே விட்டு, ஒரு வாரம் அடைத்தே வைக்க வேண்டும். தீனி, தண்ணீர் எல்லாம் உள்ளேயே. பிறகு முதல்முறை திறப்பது காலையில் அல்ல, பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பு. அரை வயிறாக இருக்கும் கோழி, உள்ளே தீனி விழும் சத்தத்துக்குத் திரும்பி வரும். வராததை இருட்டிய பிறகு மெல்லத் தூக்கி உள்ளே வைக்கலாம். கம்பெடுத்துத் துரத்தினால் காரியம் கெட்டது. விழிஞ்ஞத்தில் மீன் கழிவு காட்டி இழுப்பது சுலபம். ஆனால் முதலில் வருவது பூனையும் காக்காயும்தான். அதிகம் தின்றால் முட்டையிலும் மீன் வாடை அடிக்கும்.

அடைத்து வைக்கும் வாரத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. இதே மாவட்டத்தில் அழூரில் 2023 ஜனவரியில் பறவைக் காய்ச்சல் வந்து, சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்கு வளர்ப்புப் பறவைகளைக் கொன்றார்கள். புதுக்கோழி தூங்கி வழிகிறதா, மூச்சு இழுக்கிறதா என்று பார்க்க அந்த வாரம் உதவும். வீட்டில் பழைய கோழிகள் இருந்தால் புதியவற்றை எடுத்த எடுப்பில் சேர்க்கக் கூடாது. தனியே வைப்பதே நல்லது. அதன் பிறகும் சில நாள் நடுவில் கம்பி வலை இருக்கட்டும். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு என்று நார்வேக்காரர் ஷெல்டெரூப் எப்பே 1920களின் தொடக்கத்திலேயே எழுதினார். அந்த வரிசை கலைந்தால் ரத்தம் பார்க்காமல் ஓயாது.

சில சமயம் தப்பு கூட்டில்தான். உட்காரும் கட்டை முட்டைப் பெட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியிலேயே படுத்து எச்சமிடும். வாசல் கடலைப் பார்த்திருந்தால் ஜூனில் எடவப்பாதி மழை நேராக உள்ளே அடிக்கும். அதற்காகத் தார்ப்பாயால் முழுக்க மூடினால் எச்சத்தின் நெடி மூச்சை அடைக்கும். மேலே காற்றுப் போக இடைவெளி வேண்டும். இரண்டாம் கையாக வாங்கிய கூடானால் மரப் பொந்துகளில் செல் ஒளிந்திருக்கும். பகலில் கண்ணில் படாது, ராத்திரி கடிக்கும். அந்தக் கூட்டில் எந்தக் கோழி அடையும்?

இடம் மாறிய கோழி ஒன்றிரண்டு வாரம் முட்டையிடாமல் இருக்கலாம். அதற்குள் அவசரப்பட்டுக் கறிக்கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். பழகும்வரை காலையில் முட்டையிட்ட பிறகே வெளியே விடுங்கள். ராத்திரி கதவைச் சாத்துமுன் எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால், டார்ச்சை முதலில் அடிக்க வேண்டிய இடம் கூட்டின் கூரை.