"அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்கண்ணே!" - திரும்பத் திரும்ப வரும் படர்தாமரை... என்ன காரணம்?

சித்திரை வெயில்ல கோரிப்பாளையம் சிக்னல்ல ரெண்டு நிமிஷம் பைக்கை நிறுத்திப் பாருங்க. ஹெல்மெட்டுக்குள்ள தலை நனையும், ஜீன்ஸுக்குள்ள தொடை நனையும். ராத்திரி வீட்டுக்கு வந்தா தொடை இடுக்கில் லேசா ஒரு அரிப்பு. சில நாள்களில் ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து, ஒரு வளையம். பாட்டி 'வண்டுக்கடி' என்பார், அம்மா 'படர்தாமரை' என்பார். ஆனா நீங்க அவங்ககிட்ட காட்டவே மாட்டீங்களே! தெருமுனை மெடிக்கலுக்குப் போய், குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்பீங்க.

மூணே நாள்ல அரிப்பு அடங்கிடும். சில வாரத்தில் அது ரெண்டு மடங்கா திரும்பி வரும்.

இது உங்களுக்கு மட்டும் நடக்கிற கதை இல்லை. கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளாக இந்தியத் தோல் மருத்துவர்களை அலைக்கழிக்கும் பிரச்னை இது. இதற்குக் கிருமி மட்டும் காரணமில்லை, அந்த ட்யூபுக்கும் பங்கு உண்டு.

உங்க தோல் காலி மனை கிடையாது. பாக்டீரியா, பூஞ்சை என்று கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அதில் குடியிருக்கின்றன. தோலின் லேசான அமிலத்தன்மையும் எண்ணெய்ப்பசையும்தான் அவற்றுக்கான வீட்டு விதிகள். பெரும்பாலான நேரம் அவை நமக்குக் காவல்காரர்கள், வெளியிலிருந்து வரும் கிருமிக்கு இடம் கொடுக்காது. 'கிருமியை எல்லாம் கொல்லணும்' என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சோப்பு போட்டுத் தேய்ப்பவர்கள் இந்தக் காவலையும் சேர்த்துத்தான் கழுவி விடுகிறார்கள்.

ஆனால் படர்தாமரை, வீட்டு ஆள் செய்யும் வேலை இல்லை. அது வெளியிலிருந்து வரும் பூஞ்சை. தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின்தான் அதன் சாப்பாடு. வியர்வை காயாத இடுக்கு கிடைத்தால் கொண்டாட்டம். ஹாஸ்டலில் ஒரே துண்டை ரெண்டு பேர் பயன்படுத்துவது, வீட்டில் எல்லா உள்ளாடையையும் ஒரே பக்கெட்டில் ஊற வைப்பது... இப்படித்தான் ஆளுக்கு ஆள் தாவுகிறது.

ட்யூபுக்குள்ள என்னதான் இருக்கு?

கடையில் கேட்டதும் கிடைக்கும் பல க்ரீம்களில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, கூடவே வீரியமான ஒரு ஸ்டீராய்டு என மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சையைப் பார்த்து உங்க உடம்பு போடும் சண்டையைத்தான் நிறுத்தும். சிவப்பும் அரிப்பும் அந்தச் சண்டையின் அடையாளம். சண்டை நின்றதும் உங்களுக்கு நிம்மதி, பூஞ்சைக்கு அதைவிட நிம்மதி. அது சத்தமில்லாமல் பரவும். வளையமே தெரியாத அளவுக்கு உருமாறிவிடுவதால், பிறகு டாக்டருக்கே கண்டுபிடிப்பது சிரமம். மாசக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, தொடையில் வரி வரியாகத் தழும்பு விழும். அது போகவே போகாது.

அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2018-ல் தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை, மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்தது. ஸ்டீராய்டு கலந்த தோல் க்ரீம்கள் சிலவும் அதில் அடக்கம். விதி வந்துவிட்டது. ஆனால் சீட்டு கேட்டுவிட்டுத்தான் க்ரீம் கொடுத்த கடையை நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க? கடைக்காரரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ கூலி வேலைக்குப் போகிற ஒருத்தர், தோல் டாக்டரைப் பார்க்க மதுரைக்கு வருவதென்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ட்யூப் அதைவிட மலிவு.

விளைவு நம்ம ஊரோடு நிற்கவில்லை. டெர்பினாஃபின் என்ற முதல்நிலை மருந்துக்கே அடங்காத ஒரு பூஞ்சை தெற்காசியாவில் பரவியது. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு 'ட்ரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே' என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், பெயரிலேயே நாம இருக்கோம். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இது இருப்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அதில் ஒருவர் அண்மையில் வெளிநாட்டுக்கே போகாதவர்.

பரு மாதிரி இருக்கும், பரு இல்லை!

வீட்டு ஆள்களும் சில சமயம் வம்பு பண்ணுவார்கள். 'மலசீசியா' என்ற பூஞ்சை எல்லோர் தோலிலும் உண்டு, நம் எண்ணெய்ப்பசையைத் தின்று வாழ்வது. வெயிலும் வியர்வையும் கூடும்போது எல்லை மீறிப் பெருகும். தலையில் பொடுகு, முதுகில் தேமல் என இரண்டிலும் இதற்குப் பங்கு உண்டு. மருந்து போட்டுப் பூஞ்சை செத்த பிறகும் தேமலின் வெள்ளை நிறம் மாற வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். 'மருந்து வேலை செய்யலை' என்று அதற்குள் க்ரீமை மாற்றிக்கொண்டே போகாதீங்க.

இதே பூஞ்சை மயிர்க்கால்களுக்குள் புகுந்தால் நெற்றியிலும் நெஞ்சிலும் ஒரே அளவில் குட்டிக் குட்டிப் பொரிகள் வரும், அரிக்கும். பார்த்தால் பரு மாதிரியே இருக்கும். ரீல்ஸ் பார்த்துவிட்டு பரு என்று ஆன்டிபயாடிக் போட்டால் மோசமாகும். காவல் பாக்டீரியா சாக, பூஞ்சைக்கு இடம் தாராளம். நிஜமான பருவுக்கும் ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக நெடுநாள் போட்டால், பாக்டீரியா அதற்குப் பழகிவிடும்.

சரி, இப்போ அலமாரியில் இருக்கும் ட்யூபை எடுத்துப் பின்பக்கம் பாருங்க. க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல் என்பது பூஞ்சை மருந்து. ரெண்டும் 'க்ளோ'வில்தான் தொடங்கும், கவனம்! முகம் வெளுக்க என்று தடவும் சில க்ரீம்களிலும் இந்த ஸ்டீராய்டுகள் உண்டு. மாசக்கணக்கில் தடவியவர்கள் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியலாம், அதனால் நிறுத்துவதையும் டாக்டரிடம் கேட்டே செய்யுங்க. அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கு, கூச்சப்படாமல் காட்டலாம். அங்கே இதைவிட மோசமானதை எல்லாம் தினமும் பார்க்கிறார்கள்.

மருந்தை அரிப்பு நின்றதும் நிறுத்தாமல், சொன்ன வாரம் முழுக்கப் போடணும். வளையத்துக்கு வெளியேயும் ரெண்டு சென்டிமீட்டர் சேர்த்துத் தடவணும். வீட்டில் இன்னொருத்தருக்கும் இருந்தால் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்கணும். இல்லேன்னா பூஞ்சை உங்களுக்குள்ளேயே சுத்திச் சுத்தி வரும். ஈர ஜீன்ஸை நாள் முழுக்கப் போட்டிருக்காதீங்க. உள்ளாடையையும் துண்டையும் உள்பக்கத்தை வெளியே திருப்பி மொட்டை மாடியில் காயப் போடுங்க. மதுரை வெயில் இதுக்காவது உதவட்டும்!