அணையடிப் பிள்ளைகளும் கணினிக் காவலும்

நோட்டன் பிரிட்ஜ் அணையில் தேங்கும் நீர் சுரங்கவழி இறங்கி, 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபான நிலையத்தில் மின்சாரமாகின்றது. அவ்வொளி கொழும்பை எட்டிய வேகத்தில் அணையடி லயங்களை எட்டவில்லை என்பதை மலையகத்தார்க்கு நாம் உரைக்க வேண்டுவதில்லை.

இன்று மின்சாரத்துக்குப் புதுவிதப் பகைவர் தோன்றியுள்ளனர். 2015 டிசம்பரில் உக்ரைன் நாட்டு மின் விநியோகக் கணினிகளுள் கள்ளத்தனமாய்ப் புகுந்தோர், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பாவனையாளரைச் சில மணி நேரம் இருளில் ஆழ்த்தினர். இத்தகையோரைத் தடுப்பது இக்காலத்தில் நல்ல ஊதியமுள்ள உத்தியோகம். அணையைப் பார்த்தே வளரும் நம் பிள்ளைகள் அதில் ஏன் அமரலாகாது?

உயர்தர வகுப்பில் கணிதம் கற்கப் பல தோட்டப் பிள்ளைகள் அட்டனுக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளையாயின், மாலை இருட்டை எண்ணித் தாய் தயங்குகிறாள். அத்தயக்கத்தை நாம் குறைகூறோம். பாடநூல்களோ பெரும்பாலும் ஆங்கிலம்.

காவல் வேண்டுவது மின்நிலையத்துக்கு மட்டுமன்று. கைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தைக் கேட்டறிந்து வங்கிச் சேமிப்பைக் கவரும் வஞ்சகர், நம் தாய்மாரிடம் தமிழிலேயே இனிக்கப் பேசுகின்றனர். எச்சரிக்கையும் அதே தமிழில் வரவேண்டாவா? கணினிப் பாதுகாப்புக்கென 2006இல் நிறுவப்பட்ட ‘இலங்கை சேர்ட்’, தோட்டப் பாடசாலைகளில் தமிழில் சனிக்கிழமை வகுப்புகளைத் தொடங்கட்டும்; பஸ் கட்டணத்தையும் சேர்த்தே கொடுக்கட்டும்.